கேமரா வைத்தால் திருட்டு நிற்குமா?

 

சென்ற மாதம் நமது அறக்கட்டளையின் செயற்குழு அஸர் தொழுகைக்குப் பின் கூடியது. ஒரே விஷயத்தைப் பேசிப் பேசி இஷா வந்துவிட்டது. நம் மஹல்லாவில் இரண்டு மாதத்துக்குள் மூன்று பைக்குகள் திருடு போயிருக்கின்றன. வீட்டு ஆண்கள் ஃபஜ்ர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், சாத்தி மட்டும் வைத்திருந்த கதவைத் தள்ளி உள்ளே புகுந்து இரண்டு செல்போன்களை எடுத்துப் போயிருக்கிறார்கள். "எல்லாத் தெருவிலும் கேமரா போட்டுவிடுவோம்" என்றார்கள் நம் இளைஞர்கள். பதினாறு கேமராக்களுக்குக் கொட்டேஷனும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். அந்தத் தொகை, நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கல்வி உதவித்தொகையில் ஏறக்குறைய பாதி!

அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "கேமரா வைத்தால் திருட்டு நின்றுவிடுமா?"

நிற்கும் என்று சிலரும் நிற்காது என்று சிலரும் சொன்னார்களே தவிர, ஆதாரத்தோடு பேச எங்களில் யாராலும் முடியவில்லை. ஆகவே, ஒரு மாதம் அவகாசம் எடுத்துக்கொண்டு படித்தோம், விசாரித்தோம். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறோம். செலவாகப்போவது உங்கள் பணம். அது எங்களிடம் இருக்கும் அமானிதம். முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

தற்காப்பு ஏற்பாடு செய்வது தவக்குலுக்கு விரோதமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரை நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே, கட்டுவதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. எந்தக் கயிறு உறுதியானது என்பதுதான் கேள்வி.

நாம் பார்த்துப் பழகிய பாதுகாப்பு

திருத்தணிக்காரர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு புதிதல்ல. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும்போதும், டிசம்பர் 31 இரவு மலைப்படிகளில் திருப்படித் திருவிழா நடக்கும்போதும் வெளியூர்களிலிருந்தெல்லாம் போலீஸார் வந்து இறங்குவார்கள். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் பொன்பாடி சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பதும் நமக்குப் பழக்கம். டிசம்பர் 6 வந்தால் ரயில் நிலையத்தில் பைகளைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும்.

திருவிழா நாளில் அத்தனை போலீஸார் இருப்பது கூட்டத்தை ஒழுங்குபடுத்த மிகவும் தேவை. ஆனால் மலைமேலும் கடைத்தெருவிலும் காவல் குவிந்திருக்கும் அந்த இரவுகளில் நம் சந்துகளில் யார் நிற்கிறார்கள்? பாதுகாப்பு கூடியிருக்கிறது என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எங்கே, எந்த நேரத்தில், எந்தக் குற்றத்துக்கு எதிராகக் கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சென்னை கற்றுத்தந்த பாடம்

2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண் பலர் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். நகரின் நடுவே இருக்கும் அந்த நிலையத்தில் அன்று ஒரு கேமராகூட இல்லை. அருகிலிருந்த தெருக்களின் கேமராப் பதிவுகளை வைத்தே போலீஸார் துப்புத் துலக்கினார்கள். ஒரு வாரம் கழித்து, ஜூலை 1 அன்று, செங்கோட்டை அருகே ஓர் இளைஞர் கைது செய்யப்பட்டார். 'கேமரா இல்லையே' என்று தமிழ்நாடே அன்று பேசியது.

அதன் பிறகு, 2017 முதல் 2020 வரை சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஏ.கே. விஸ்வநாதன் காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமராக்கள் வைக்கப்பட்டன. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் பணம் போட்டார்கள். 2020-ல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் வெளியிட்ட உலகப் பட்டியலில், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னை முதலிடம் பிடித்தது. சங்கிலிப் பறிப்பு வெகுவாகக் குறைந்ததாகக் காவல்துறையும் அறிவித்தது.

இனி 2025 மார்ச் 25-க்கு வருவோம். அன்று காலை தென்சென்னையில் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது ஆறு பெண்களிடம் அடுத்தடுத்துச் சங்கிலி பறிக்கப்பட்டது. உலகிலேயே கேமரா நெருக்கம் மிகுந்தது என்று பெயர் வாங்கிய அதே நகரத்தில்தான் இது நடந்தது! பறித்தவர்கள் வெளிமாநிலத்தினர். ஆனால் கேமராப் பதிவுகளைத் தொடர்ந்து சென்ற போலீஸார், சில மணி நேரத்திலேயே இருவரைச் சென்னை விமான நிலையத்தில் மடக்கினார்கள். மூன்றாமவர் ஆந்திராவின் ஓங்கோலில் ரயிலில் பிடிபட்டார். பிடிபட்டவர்களில் ஒருவர் மறுநாள் அதிகாலை போலீஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவர் குற்றவாளியே ஆனாலும் தண்டனை சொல்ல வேண்டியது நீதிமன்றம் என்பதை இங்கே குறித்துவைக்கிறோம்.

கேமரா அவர்களைப் பயமுறுத்தவில்லை. ஆனால் அவர்களைப் பிடிக்க உதவியது. 'தடுப்பது', 'பிடிப்பது' ஆகிய இரண்டும் வேறு வேறு வேலைகள். கேமரா வாங்கும்போது இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

கேமராவுக்குத் தயாராக வருபவர்கள்

2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரைத் துளைத்து உள்ளே போனவர்கள் பல கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளை அள்ளிச் சென்றார்கள். கடைக்குள் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் பதிவானதோ பொம்மை முகமூடி அணிந்த உருவங்கள். மோப்ப நாய்க்கு எதிராக மிளகாய்ப் பொடியையும் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். துப்பு எங்கே கிடைத்தது தெரியுமா? மறுநாள் இரவு திருவாரூரில், வழக்கமான வாகனச் சோதனையில் போலீஸார் ஒரு பைக்கை நிறுத்தினார்கள். வந்தவர்களில் ஒருவர் கையில் நகைப் பை இருந்தது. கேமராவுக்கும் நாய்க்கும் முன்னேற்பாடு செய்தவர்கள், எந்தத் தெருமுனையில் போலீஸ் நிற்கும் என்பதற்கு ஏற்பாடு செய்ய முடியவில்லை.

இன்னொன்று, 2013 நவம்பர் 19 அன்று பெங்களூரில் நடந்தது. ஏ.டி.எம். அறைக்குள் ஒருவன் புகுந்து, ஷட்டரை இறக்கிவிட்டு, பணம் எடுக்க வந்த பெண்ணை வெட்டினான். முகம் உட்பட எல்லாம் கேமராவில் தெளிவாகப் பதிவானது. நாடு முழுவதும் தொலைக்காட்சிகளில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்படியும் அவன் பிடிபட்டது மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 பிப்ரவரியில், சித்தூர் மாவட்டம் மதனப்பள்ளியில்தான். கேமரா பார்த்தது, தடுக்க ஆள் இல்லை. அந்த ஏ.டி.எம்.மில் அன்று காவலாளி கிடையாது.

ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

நாலு சம்பவங்களை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதால், ஆய்வுகளையும் தேடிப் பார்த்தோம். பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளாக நடந்த கேமரா ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட அறிக்கை ஒன்று 2019-ல் வெளியானது. கேமரா வைத்த இடங்களில் குற்றம் மொத்தத்தில் சுமார் 13 விழுக்காடு குறைந்திருக்கிறது. மிகப் பெரிய பலன் கிடைத்தது வாகன நிறுத்துமிடங்களில். வாகனத் திருட்டும் பொருள் திருட்டும் குறைந்தன. அடிதடி, வெட்டு, குத்து போன்ற வன்முறையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கோபத்திலோ போதையிலோ கை ஓங்குபவன் மேலே பார்த்துக் கேமரா இருக்கிறதா என்று யோசிப்பதில்லை அல்லவா?

அதே அறிக்கையில் நாம் அடிக்கோடிட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திரையை ஓர் ஆள் உட்கார்ந்து கவனித்த இடங்களிலும், கேமராவோடு வெளிச்சம், காவலாளி போன்ற மற்ற ஏற்பாடுகளும் சேர்ந்த இடங்களிலும்தான் பலன் அதிகம்.

போலீஸ் ரோந்தைப் பற்றியும் பழைய சோதனை ஒன்று உண்டு. 1972-73-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரத்தில் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து. ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. மீதி ஐந்தில் ரோந்தே கிடையாது. யாராவது அழைத்தால் மட்டும் வண்டி வரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால், மூன்று இடங்களிலும் குற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மக்களின் பயத்திலும் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் போலீஸ் ரோந்தே வீணா? இல்லை. பின்னர் மினியாபொலிஸ் நகரத்தில் போலீஸுக்கு வந்த அழைப்புகளைக் கணக்கெடுத்தார்கள். நகரின் முகவரிகளில் மூன்று விழுக்காடு அளவே உள்ள இடங்களிலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. அப்படிப்பட்ட முனைகளில் மட்டும் ரோந்தைக் கூட்டியபோது தொல்லை குறைந்தது. ஊர் முழுக்கத் தூவினால் கரைந்துபோகும் காவல், சரியான இடத்தில் நின்றால் வேலை செய்கிறது.

வெளிச்சத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2016-ல் நியூயார்க் நகரத்தில், ஏழைகள் வாழும் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில் பிரகாசமான விளக்குக் கம்பங்களை நிறுத்தினார்கள். வெட்டவெளியில் இரவு நேரத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 விழுக்காடு குறைந்தன.

எங்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜெர்மனியிலிருந்து. 1980-ல் மேற்கு ஜெர்மனியில், ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டினால் அந்த இடத்திலேயே அபராதம் என்று கொண்டுவந்தார்கள். உயிரைக் காக்கக் கொண்டுவந்த சட்டம்தான் அது. ஆனால் அடுத்த ஆறு ஆண்டுகளில் பைக் திருட்டு சுமார் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. காரணம் எளிது. திடீரென்று ஆசைப்பட்டு ஒரு வண்டியைத் தூக்குபவன் கையில் ஹெல்மெட்டோடு வருவதில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் முதல் சந்திப்பிலேயே நிறுத்தப்படுவான். பைக்கை விட்டவர்கள் எல்லோரும் கார் திருடப் போய்விடவும் இல்லை. சந்தர்ப்பம் கைக்கெட்டாமல் போனால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது விதி கிடைக்கிறது. தண்டனை எவ்வளவு கடுமை, கேமரா எத்தனை என்பதைவிட, 'இங்கே கை வைத்தால் உடனே மாட்டுவோம்' என்ற நிச்சயம்தான் திருடனைத் தடுக்கிறது. அந்த நிச்சயத்தைத் தராத பாதுகாப்பு, பார்க்க எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நமக்கு ஆறுதல் தரும்; அவனுக்கு அச்சம் தராது.

கேமராவைக் காப்பது யார்?

கேமரா இருப்பது வேறு; பதிவு இருப்பது வேறு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி இறந்ததை நாம் மறக்கவில்லை. விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், அங்கிருந்த கேமராப் பதிவுகள் தினந்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அறிக்கை கொடுத்தார். ஹார்டு டிஸ்க்கில் போதுமான இடம் இருந்தும் பதிவு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கண்காணிப்பவர்களையும் யாராவது கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

இது நமக்கும் பொருந்தும். நம் தெருவில் கேமரா வைத்தால் அதில் பதிவாகப்போவது பெரும்பாலும் திருடன் அல்ல. வாசலில் உட்கார்ந்து பேசும் நம் பெண்களும், விளையாடும் நம் பிள்ளைகளும்தான். பிறர் குறையைத் துருவிப் பார்ப்பதையும் அனுமதியின்றி அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதையும் மார்க்கம் தடுத்திருக்கிறது. அந்தப் பதிவுகள் எவர் செல்போனில் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் காட்டலாம் என்று முடிவு செய்யாமல் கேமரா வைப்பது, சாவியைத் தெருவில் போட்டுவிட்டுப் பூட்டு வாங்குவது போன்றது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் பேசுவோம். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பகுதி முழுவதையும் சந்தேகத்தோடு பார்த்தால் பாதுகாப்பு குறையும். காரணமில்லாமல் நிறுத்தி விசாரிக்கப்பட்ட இளைஞன், நாளை உண்மையாகவே ஒன்றைப் பார்த்தாலும் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்ல மாட்டான். குற்றத்தைத் துலக்குவதில் பெரும் பங்கு மக்கள் தரும் தகவலுக்குத்தான் உண்டு. அந்த நம்பிக்கையை வளர்ப்பதில் காவல்துறைக்கும் கடமை உண்டு, நமக்கும் உண்டு.

நம் மஹல்லாவில் நாங்கள் விசாரித்தபோது

பறிபோன மூன்று பைக்குகளின் உரிமையாளர்களையும் சந்தித்தோம். இரண்டு வண்டிகளில் ஹேண்டில் லாக் போடப்படவில்லை. மூன்றும் ஒரே சந்தின் இரு முனைகளில் நின்றவை. அந்தச் சந்தின் தெருவிளக்கு பல மாதங்களாக எரியவில்லை. மூவரில் ஒருவர் மட்டுமே போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். மற்ற இருவரும் "அலைய வேண்டுமே" என்று விட்டுவிட்டார்கள். ஆக, காவல்துறையின் கணக்கில் நம் சந்தில் நடந்தது ஒரே திருட்டு. ரோந்து எங்கே கூட வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே செயற்குழு கீழ்க்கண்டவற்றைப் பரிந்துரைக்கிறது.

1. தெருவிளக்கு முதலில். எரியாத விளக்குகளைக் கம்பம் கம்பமாகக் குறித்து நகராட்சிக்கு மனு கொடுப்போம். சரியாகும்வரை விடாமல் கேட்போம். இதற்குச் செலவு இல்லை.

2. பதினாறுக்குப் பதில் நான்கு கேமராக்கள் போதும். பைக்குகள் நிறுத்தப்படும் பள்ளிவாசல் முன்புறத்துக்கு இரண்டு, அந்தச் சந்தின் இரு முனைகளுக்கு இரண்டு. எந்த வீட்டின் வாசலையும் நோக்கி இருக்கக் கூடாது. பதிவைப் பார்க்கும் உரிமை மூவர் குழுவுக்கு மட்டும். கேமரா ஓடுகிறதா என்று வாரம் ஒருமுறை சரிபார்க்க ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும்.

3. ஃபஜ்ர், இஷா, தராவீஹ் நேரங்களில் வீட்டுக் கதவைத் தாழிடச் சொல்லிவிட்டுப் புறப்படுவோம். ஹேண்டில் லாக்கோடு, சக்கரத்துக்கு ஒரு சங்கிலிப் பூட்டும் போடுவோம். முறை வைத்து இரண்டு பேர் வாகனங்களின் பக்கம் நிற்கலாம். அவர்கள் ஜமாஅத் முடிந்ததும் தொழுதுகொள்ளட்டும். யாரையும் பிடித்து அடிக்கும் வேலை நமக்கு வேண்டாம். சந்தேகம் வந்தால் 100 அல்லது 112 எண்ணுக்கு அழைப்பதோடு நம் பொறுப்பு முடிகிறது.

4. எது போனாலும் புகார் கொடுப்போம். புகாரைப் பெற்றதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நகரி சந்தையில் பொருள் பறிபோனாலும் இங்கே புகாரை ஏற்க வேண்டும். தனியே போகத் தயங்குபவர்களுடன் செயற்குழுவிலிருந்து ஒருவர் வருவார்.

5. கேமராவே பார்க்க முடியாத திருட்டு ஒன்று இருக்கிறது. அது நம் கையிலிருக்கும் செல்போனுக்குள் நடக்கிறது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டியும், ஓ.டி.பி. கேட்டும் பணத்தைப் பறிக்கிறார்கள். அப்படிக் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரம்தான் பணத்தை மீட்கும் நேரம்.

நான்கு கேமராக்களுக்கு ஆகும் செலவு போக, கொட்டேஷன் தொகையில் முக்கால் பங்கு மிச்சமாகும். அது கல்வி உதவிக்கே போகட்டும் என்பது எங்கள் கருத்து. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டு மாலை முழுவதும் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் இருவரைக் கல்லூரிக்கோ ஐ.டி.ஐ.க்கோ அனுப்புவதும் பாதுகாப்பு ஏற்பாடுதான்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுகைக்குப் பின் பொதுக்கூட்டம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் வந்து பேசுங்கள். பெண்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம். கேமராவின் கண்ணில் அதிகம் படப்போவது அவர்கள்தான் என்பதால், அவர்கள் சொல்வதை முதலில் படிப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் வீடுகளையும் அண்டை வீட்டார் அனைவரையும், எம்மதத்தவராயினும், அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

— செயலாளர், செயற்குழுவின் சார்பில்